மதினிக்குக் கலந்த வாசனை

மொட்டு விரியும் நேரத்தில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மதினி நின்ற நிற்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எழுபதுகளின் கடைசி. விளாங்குடி அப்போது பாதி ஊர், பாதி வயல். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் மல்லித் தோட்டம். பறித்த மொட்டில் வீட்டுக்கென்று எடுத்துவைத்ததை அம்மா மத்தியானத்தில் தொடுத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பாள். விளக்கு வைக்கும் வேளையில் அவை ஒவ்வொன்றாக வாய் திறக்கும். சுவரில், தலையணையில், சோற்றுப்பானையில்கூட அந்த மணம் மெல்ல ஏறும். வீடே தண்ணீருக்குள் இறங்குவதுபோல எனக்கு இருக்கும். மதினி மட்டும் மூச்சுக்குத் தவித்துச் சன்னலோரம் போய்விடுவாள். வயல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி நிற்பாள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வந்தவள் அவள். மல்லி வாசம் பட்டால் மண்டை பிளக்கும், குமட்டும். மதுரையில் புதுப்பெண் ஒருத்தி இதை யாரிடம் சொல்வாள்? அதுவும் பூந்தோட்டத்துக்காரர் வீட்டில். மருமகள் வெறுந்தலையோடு நடமாடுவது அம்மாவுக்கு ஆறாத குறை. “கட்டுக்கழுத்தி பூ வேணாங்குறது எந்த ஊரு வழக்கம்?” என்று அடுப்படியில் பாத்திரங்களிடம் கேட்பாள்.

சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு ஒன்றுக்குப் புறப்பட்டபோது அம்மா தன் கையாலேயே மதினியின் கொண்டை மறையும்படி சரத்தைச் சுற்றிவிட்டாள். மதினி மறுக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பெண்கள் முதலில் சந்தோஷமாகச் சிரித்தார்கள். விசேஷம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வேறு மாதிரிப் பேசத் தொடங்கினார்கள். மறுநாள் மதினியின் அப்பா வந்தார். “ஒடம்பு தேறட்டும், அனுப்புறேன்” என்று சொல்லி மகளை அழைத்துப் போனார். ஆடி போய் ஆவணி வந்தும் அனுப்பவில்லை.

அண்ணன் கீழமாசி வீதிப் பக்கத்துச் சந்தொன்றில் சிறிய சென்ட் கடை வைத்திருந்தான். அதிகம் பேசமாட்டான். மதினி போன பிறகு மல்லி அத்தர்ச் சீசாக்களை அடுக்கின் பின்வரிசைக்குத் தள்ளினான். சாயங்காலங்களில் ஏதேதோ எண்ணெய்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கலப்பான். டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வரும் என் மணிக்கட்டில்தான் சோதனை. எலுமிச்சை உடனே பறந்துவிட்டது. வெட்டிவேர் தனியாக இருந்தால் ஈரச்சாக்கு மாதிரிக் கனத்தது. பெப்பர்மின்ட் மூக்கில் ஏறி அடித்தது. கடைசியில் பம்பாய்ச் சரக்குக்காரர் ஒருவரிடமிருந்து வேறொரு புதினா எண்ணெய் வாங்கி வந்தான். ஸ்பியர்மின்ட் என்றான். “இது சுருக்குன்னு குத்தாது புள்ள. தண்ணிக்குள்ள இருந்து மெதுவா எட்டிப் பாக்கும்.” மோந்தேன். காரமே இல்லை. இலையைக் கசக்காமல், தடவிவிட்ட விரல்போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சீசாக்களோடு நானும் அவனும் பஸ் ஏறினோம். மதினி இளைத்திருந்தாள். புதினா தூக்கலாகிப்போன முதல் சீசாவை மோந்ததும் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “ஏங்க, பிரியாணி அண்டாவத் தொறந்தாப்புல இருக்கு!” அண்ணனும் சிரித்தான். இரண்டாவதில் சந்தனம் அடியில் கிடந்தது, வெட்டிவேர் கொஞ்சம், மேலே புதினா ஒரே துளி. அதைக் காதோரம் தொட்டுக்கொண்டு மதினி கண்களை மூடினாள். வெளியே கிணற்று மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

“தல வலிக்கல,” என்றாள், நம்ப முடியாதவள்போல.

“வாரியா?”

“வாரேன். பூ மட்டும் வேணாம்.”

“வேணாம்,” என்றான் அண்ணன்.

அம்மா அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மதினி நடமாடிய இடமெல்லாம் அந்த இளங்குளிர்ச்சி போய்வந்தது. மல்லிக்கு நடுவே யாரோ ஒரு கதவைத் திறந்து வைத்ததுபோல இருக்கும். அண்ணனுக்கு அதைக் கடையில் விற்க மனமில்லை. மதினிதான் பிடிவாதமாக வைக்கச் சொன்னாள். “மல்லி ஆகாதவ நான் ஒருத்தி மட்டுமா இருப்பேன்?” நிஜமாகவே பெண்கள் வந்தார்கள். மெதுவாகக் கேட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள்.

கார்த்திகை பிறந்திருந்தது. பூத்தொடுத்து முடித்த அம்மா சரத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு மதினியைக் கூப்பிட்டாள்.

“ஏத்தா, அந்த எண்ணெய இங்குட்டுக் கொண்டா.”

மதினி தயங்கித் தயங்கிச் சீசாவை நீட்டினாள்.

“எனக்கும் பூ விரிஞ்சா மண்டை இடிக்கும்,” என்றாள் அம்மா, தரையைப் பார்த்து. “இந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட நாள்ல இருந்து. அம்புட்டுப் பேரும் வச்சாக, நானும் வச்சேன். யாரு கேட்டா?”

மதினி பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் இரண்டு காதோரத்திலும் எண்ணெயை மெல்லத் தடவிவிட்டாள். அம்மா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு வழக்கம்போல என்னை முன்னால் இழுத்து உட்காரவைத்து, என் பின்னலில் சரத்தைச் செருகப் போனவள், கையை அப்படியே நிறுத்தினாள்.

“ஏடி, ஒனக்கு இது ஆகுமா?”

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எனக்கு மல்லி என்றால் உயிர். ஆகும் என்று சொல்லி, அன்றைக்குச் சரத்தை நானே வாங்கிச் செருகிக்கொண்டேன்.