மாப்பிள்ளைக்கு வழி விட்ட ரக்பி

ரக்பியைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். சூரமங்கலத்தில் அந்த ஆட்டத்துக்குச் சீர்திருத்தம் வந்தது என் வீட்டு அடுப்படி வழியாகத்தான். கமிட்டி கூடியது என் வீட்டுக் கூடத்தில். கமிட்டி தின்றது என் கோழிகளை. ஆகவே நாலு வார்த்தை பேச எனக்கும் உரிமை உண்டு.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். கல்யாணம் முடிந்து நான் சூரமங்கலம் குவார்ட்டர்ஸுக்கு வந்தது முப்பதுகளின் தொடக்கத்தில். பிறந்த வீடு ஜேடர்பாளையத்துக்குப் பக்கம், நிலபுலத்துக்குக் குறைவில்லை. ஆனால் நெல்லும் வெல்லமும் விலை போகாத வருஷங்கள் வந்தன. என் அண்ணனும் பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும் மூட்டை முடிச்சோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் யார் யாரையோ போய்ப் பார்த்து, மூவரையும் லோகோ ஷெட்டில் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்த்துவிட்டார். ஒருவன் ரயில்வேயில் நுழைந்தால் அவன் பின்னால் ஒரு குலமே நுழைகிற காலம் அது. அவர் பக்கத்து ஆட்களும் அப்படியே வந்தார்கள். கொஞ்ச நாளில், குழாயடிக்குப் போனாலும் சொந்தக்காரர் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்றாகிவிட்டது.

ரக்பி அதுவரை வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்கள் மலையிறங்கி, கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரில் வந்து, ரயில்வே வெள்ளைக்காரர்களோடு ஆடிவிட்டுப் போவார்கள். பந்து முட்டை போல இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிராளி இடுப்பைக் கட்டித் தரையில் சாய்க்கப் பார்ப்பான். தப்பித்துப் போய் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை மண்ணில் வைத்தால் புள்ளி. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். காப்பி விலையும் விழவே, தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். பதினைந்துக்கு ஆள் பற்றவில்லை. அப்போதுதான், நம் ஜனங்களையும் சேர்த்துக்கொள்வது தர்மம் என்று கிளப்பை நடத்திவந்த ரயில்வே துரைக்குத் தோன்றியது. தர்மம் தோன்றுவதற்கும் வேளை வர வேண்டும் அல்லவா?

அதே சமயம் மதராஸில் மாகாணம் முழுவதற்கும் ஒரு சங்கம் ஏற்படுத்தி, அதில் சேர விரும்பும் கிளப்புகளுக்கு நிபந்தனை போட்டார்கள். இனிமேல் ஒரு துரையின் விசிலுக்கு மட்டும் கிளப் நடக்கக் கூடாது. ஓட்டுப் போட்டு எடுத்த கமிட்டி வேண்டும். அதில் பாதிப் பேர் இந்தியர்களாக இருக்க வேண்டும். உள்ளூரிலேயே இரண்டு அணி வேண்டும். நாட்டுக்கே சுயாட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். பந்துக்கும் ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது.

தேர்தல் மைதானத்திலேயே நடந்தது. பிடித்தவருக்குக் கை தூக்குங்கள், பிடிக்காதவருக்குத் தூக்காதீர்கள் என்று துரை விளக்கினார். மாமன் பெயரைச் சொல்லும்போது மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? பங்காளிகள் மூஞ்சியில் எப்படி விழிப்பது? எல்லாரும் எல்லாருக்கும் கை தூக்கினார்கள். நின்றவர்கள் அத்தனை பேரும் ஜெயித்தார்கள். துரை மறுபடியும் விளக்கினார். இந்தத் தடவை, போட்டிக்கு நின்றவர்களும் தங்களை எதிர்த்து நின்றவர்களுக்கு மரியாதையாகக் கை தூக்கினார்கள். வேறு வழியில்லாமல் துரை கமிட்டியைப் பெரிதாக்கினார். ஒருமனதான தேர்தல் என்று மதராஸில் மெச்சிக்கொண்டார்களாம். இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் என்பதால் என் வீட்டுக்காரர் காரியதரிசி ஆனார். அன்றைக்குத்தான் முதல் கோழி போயிற்று.

இரண்டு அணி பிரித்தார்கள். ஸ்டேஷன் அணியில் என் வீட்டுக்காரர். ஷெட் அணியில் என் அண்ணன்மார் மூவரும். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் குவார்ட்டர்ஸ் பின்சுவரை ஒட்டியே மைதானம். துவைக்கிற கல்மேல் ஏறி நின்றால் ஆட்டம் முழுக்கத் தெரியும். நானும் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மாவும் அப்படித்தான் பார்ப்போம். அவள் புருஷன் எஞ்சின் டிரைவர். ஒரு காலத்தில் மதராஸ் போய் ரக்பி ஆடியவன். அதனால் நுணுக்கமெல்லாம் அவளுக்கு அத்துபடி.

முதல் ஆட்டத்தில் என் வீட்டுக்காரர் பந்தோடு ஓடி வந்தார். ஷெட் அணிக்காரர்கள் கரி அள்ளி அள்ளித் தேக்கு மரம் போல இருந்தவர்கள். பெரியப்பா மகன் ஒருவன் எதிரே வந்தான். வந்தவன் சட்டென்று ஒதுங்கி, "வாங்க மாப்ள" என்றான். அடுத்தவனும் ஒதுங்கினான். என் அண்ணன் அதற்கும் ஒரு படி மேலே போய், வழியில் கிடந்த நெருஞ்சிச் செடியைக் காலால் தள்ளிவிட்டு நின்றார். வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை. இடுப்பைக் கட்டி மண்ணில் உருட்டினால் ஊர் என்ன பேசும்? அண்ணன்மாரே ஒதுங்கும்போது ஷெட்டில் மற்றவர்களுக்கு மட்டும் என்ன வந்தது? என் வீட்டுக்காரர் நிதானமாக ஓடிப் போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் இதே கதை. துரை அசந்து போனார். இந்த ஆளைப் பார்த்தாலே எதிராளிகள் சிதறுகிறார்கள், இப்படி ஓர் ஓட்டக்காரனைத் தன் சீமையிலேயே பார்த்ததில்லை என்று மதராஸுக்குத் தெரிவித்துவிட்டார். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு மோதப்போகும் மாகாண அணிக்கு ஆள் பொறுக்க, சூரமங்கலத்துக்கே நேரில் வருவதாக மதராஸில் இருந்து பதில் வந்தது. என் வீட்டுக்காரர் புது கான்வாஸ் ஜோடு வாங்கிக்கொண்டார்.

சட்டைக்காரம்மா சிரிக்கவில்லை. தன் புருஷனைக் கூப்பிட்டு அவன் காதைக் காட்டினாள். நனைந்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது.

"இது மெட்ராஸ்ல பட்டதும்மா. கூட ஆடுன பையனுக்குக் கழுத்து போச்சு, அப்புறம் எந்திரிக்கவேயில்ல. சோல்ஜருங்க மரியாதை எல்லாம் பார்க்க மாட்டாங்க. உன் வீட்டுக்காரருக்கு விழவே தெரியாதேம்மா, ஒரு தடவைகூட விழுந்ததில்லையே!" என்றாள்.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தேன். அவரிடம் இதமாகத்தான் ஆரம்பித்தேன். "ஏனுங்க, அண்ணனுங்க மொறைக்காக வழி உடறாங்க. மதராஸுல அப்படி உடுவாங்களா?" என்றேன். மனுஷனுக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. "உங்கண்ணனுக்குப் புடிக்கத் தெரியலைன்னு சொல்லு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இனி அண்ணன்தான் கதி. ஷெட்டுக்குப் போகும் வழியில் அவரைப் பிடித்தேன்.

"ஏனுங்ணா, மதராஸ்காரங்க வர்ற அன்னிக்கு அவரைப் புடிச்சுக் கீழ தள்ளோணும்."

அண்ணன் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என்ன அம்மிணி பேசற? மாப்ள மேல கை வெச்சுப்போட்டு நம்மூட்டு வாசப்படிய நான் எப்படி மிதிப்பேன்? இந்தச் சோறே அவரு போட்ட சோறு சாமி."

"நீங்க புடிக்காட்டி வெள்ளைக்காரச் சோல்ஜருங்க புடிப்பாங்க. அவிய ஒண்ணும் நமக்கு மச்சான் மொறை இல்லீங்ணா. நாளைக்கு எங்கழுத்துல தாலி இருக்கோணும்னு உங்களுக்கு இருந்தா இதைச் செய்யுங்க."

தாலி என்ற சொல்லை எடுத்த பிறகு எந்த அண்ணன் என்ன பேசுவார்? அவர் தலையைக் குனிந்துகொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

மதராஸ் கனவான்கள் வந்தார்கள். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நான் துவைக்கிற கல்லில் நின்றேன். என் வீட்டுக்காரர் கையில் பந்து வந்தது. வழக்கம் போலப் பெரியப்பா மகன்கள் ஒதுங்கினார்கள். அண்ணன் மட்டும் ஒதுங்கவில்லை. நேராக ஓடி வந்தார். என் வீட்டுக்காரர் வலது பக்கம் விலகினார், இடது பக்கம் வெட்டினார். அவர் அப்படி வளைந்து ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரு கணம் தப்பித்தும் விட்டார். அப்புறம் அண்ணன் பாய்ந்து இடுப்பைக் கட்டியதும், இரண்டு பேரும் விழுந்த சத்தம் சுவர் வரைக்கும் கேட்டது.

என் வீட்டுக்காரருக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது.

"அய்யோ மாப்ள!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஷெட் அணி முழுவதும் ஆட்டத்தை விட்டுவிட்டு மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டது. ஒருவன் தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்தான், ஒருவன் விசிற ஆரம்பித்தான், இன்னொருவன் சோடா வாங்க ஓடினான். ஸ்டேஷன் அணியும் சொந்தம்தானே, அதுவும் வந்து கூடிவிட்டது. துரை விசில் ஊதி ஊதி ஓய்ந்தார். கேட்பாரற்றுக் கிடந்த பந்தை, கப்பலேறாமல் மிஞ்சியிருந்த ஒரு தோட்டக்காரத் துரை எடுத்துக்கொண்டு, உலாவப் போகிறவர் போல நடந்து போய்க் கோட்டுக்கு அப்பால் வைத்தார். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

மதராஸ்காரர்களுக்கு அண்ணனை ரொம்பவும் பிடித்துப்போயிற்று. மாகாண அணிக்கு அவரையே எடுத்தார்கள். "மாப்ளைய இப்படிப் பண்ணிப்போட்டு நான் எங்கீங்க போறது?" என்று அழுதவரை, கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த என் வீட்டுக்காரர்தான் அதட்டி ரயில் ஏற்றினார். என் அப்பா வேட்டியும் வாழைத்தாருமாக வண்டி கட்டிக்கொண்டு வந்து மருமகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அப்பாவிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே கமிட்டி எங்கள் வீட்டில் கூடியது. காரியதரிசி கட்டிலில், வலது கையைக் கழுத்தில் தொட்டில் கட்டியபடி. மற்றவர்கள் கீழே பாயில். மாமன் மச்சான் முறை உள்ளவர்கள் இனி எதிரெதிர் அணியில் ஆடக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். எல்லார் கையும் உயர்ந்தது, என் வீட்டுக்காரர் கை தவிர. வலது கையில் கட்டு இருக்கிறது, சபையில் இடது கையைத் தூக்க மரியாதைப்பட்ட மனுஷனுக்கு மனம் வராது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு, அவரையும் சேர்த்து ஒருமனதாக என்று முடித்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த விதிப்படி ஆளைப் பிரித்தால் எல்லாரும் ஒரே அணியில் வந்து நின்றார்கள். எதிர் அணிக்கு இரண்டு மூன்று துரைமாரைத் தவிர ஒருவர்கூட மிஞ்சவில்லை. அப்புறம்தான் ஆத்தூர்ப் பக்கத்து ஆட்களையும், தறிக்காரர்களையும், அதுவரை மைதானத்துப் பக்கமே அண்ட விடாத கூலிக்காரச் சனங்களையும் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். எல்லா வகுப்பாரிடமும் ரக்பி பரவிவிட்டதாகத் துரைக்கு மதராஸில் ஒரே பாராட்டு. இதெல்லாம் பின்னால் நடந்தது.

கமிட்டி எழுந்து போன அன்று சாயங்காலம் அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் கிண்ணத்தை வாங்கினார்.

"நல்ல ரூலுங்க. இனிமே உங்களுக்கு ஒரு பயமும் இல்ல" என்றேன்.

"எங்கை நல்லா இருந்திருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன்."

"ஏனுங்க?"

அவர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார். "மூணு பேரும் வழி உட்டது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? கண்ணு அவிஞ்சா போச்சு? மதராஸுல எவனும் எனக்கு மச்சான் இல்ல. அங்கயாவது ஒருத்தன் என்னைப் புடிக்க வருவான், எனக்கு ஓடத் தெரியுமா தெரியாதான்னு பார்த்துப்போடலாம்னு இருந்தேன்."

நான் ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அன்னிக்கு உங்கண்ணன் நேரா வந்தாம் பாரு. ஒரு தடவை அவனை ஏமாத்திப்போட்டேன், பார்த்தயா? அந்த ஒரு நாள்தான் நான் ஆடுனேன்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம் புள்ள, நீ சொல்லி வந்தானா? இல்ல, அவனாவே வந்தானா?"

"அண்ணன் அவராவேதானுங்க வந்தாரு" என்றேன். நானும் ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன்.

அவர் சந்தோஷமாகக் கஞ்சியைக் குடித்தார்.