கோடு போட்ட லீவு

எங்கள் ஓசூர் ஆபீஸில் யாரும் எதையும் அழிக்கமாட்டார்கள். நாளைக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற பயம். மூக்கண்டப்பள்ளித் தொழிற்சாலை ஒன்றுக்கு நாங்கள் செய்துகொடுத்த சாப்ட்வேரின் கையேடும் அப்படித்தான். வேண்டாத வரிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சின்னக் கோடு தட்டினால், திரையில் அந்த வரி குறுக்கே அடிபட்டுத் தெரியும். அதன் கீழே இன்னொருவர் எழுதுவார், அதையும் ஒருவர் அடிப்பார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை நடந்திருந்தது.

அந்தக் கையேட்டைப் புது வடிவத்துக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை கஸ்டமர் பாக்கறாங்க. ஒழுங்கா முடிச்சா திங்கக்கிழமை லீவு. இல்லைன்னா மறந்துடு" என்றார் மேனேஜர்.

திங்கட்கிழமை பாகலூரில் எனக்கு நிச்சயதார்த்தம். மறப்பதாவது!

உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக மாற்ற எனக்கென்ன பைத்தியமா? எல்லாப் பக்கத்தையும் தானாக மாற்றும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டேன். புது வடிவத்தில் வரியை அடிக்க வேறு குறி, சின்னக் கோடு வெறும் கோடுதான் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. அடிபட்டுக் கிடந்த வரிகளெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொண்டன.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையின் சூப்பர்வைசர், எங்கள் மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சத்தமாக வாசித்தார்: "மெஷின் நின்னா எங்க மேனேஜர்கிட்ட சொல்லாதே, சாமியாடுவார். ஆஃப் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வா."

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதி, பயந்துபோய் அடித்துவைத்த வரி அது.

சூப்பர்வைசர் தலையாட்டினார். "கரெக்டா எழுதியிருக்கீங்க சார். நாங்களும் இப்படித்தான் மாடறது" என்றார், 'செய்யறது' என்பதைக் கன்னடத்தில் கலந்து.

மேனேஜர் வண்டியை நேராக ஆபீஸுக்கு விட்டார். அதே புது வடிவத்துக்கு மாறியிருந்த ஆபீஸ் இணையதளத்தில் லீவு கேட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் பதில் வந்திருந்தது.

-லீவு கிடையாது-

இருபுறமும் அந்தக் கோடுகள், கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதுபோல இருந்தன. அழுகை வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன், அம்மா பெண் வீட்டில் சொன்னார், தேதி தள்ளிப்போனது. சமையல்காரரிடம் வாங்கிய திட்டை அப்பா இன்னும் மறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை என்னை ஆபீஸில் பார்த்ததும் மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார்.

"நீ இங்க என்னப்பா பண்ற? இன்னிக்கு உனக்கு நிச்சயம்ல?"

"நீங்கதான சார் லீவு கிடையாதுன்னீங்க."

"கோவத்துல எழுதினேன். அப்புறம் மனசு கேக்கல. ரெண்டு பக்கமும் கோடு போட்டு அடிச்சுட்டேனேப்பா."

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அடிச்ச கோடு எங்கப்பா போச்சு?"

அன்று சாயங்காலம் பாகலூரிலிருந்து போன் வந்தது. பெண்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"சரிங்க, கல்யாணத்துக்கு நீங்க லீவு கேக்க வேண்டாம். உங்க மேனேஜர் நம்பர் குடுங்க, நானே கேட்டுக்கறேன்."