பிளாஸ்க்கில் ஒயின்

விதிமுறையைப் படிக்காமலே அதை மீறத் திட்டம் போடும் முட்டாள் நான். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் எங்கள் திருமண நாள். சூரியன் மறையும்போது மேல்தளத்தில் இருவரும் ஒயின் அருந்துவோம் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கப்பலில் அதன் விலையோ தலையைச் சுற்ற வைத்தது. சரி, கடத்திவிடலாம் என்று ராயப்பேட்டையில் ஒரு பாட்டில் வாங்கி, மயிலாப்பூர் வீட்டு அடுக்களையில் திருட்டுத்தனமாக பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டேன். மயிலாப்பூர்க்காரன் பிளாஸ்க்கை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சோதனை செய்த காவலர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"ரசம். எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை."

"வூட்டு சாப்பாடு உள்ள போவாது சார். கொட்டிடு."

வேறு வழியில்லாமல் குரலைத் தாழ்த்தி, "ரசமில்லைங்க, ஒயின்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அத்த பாட்டிலோடவே எடுத்தாந்துருக்கலாமே! சீல் பிரிக்காம இருந்தா ஆளுக்கு ஒண்ணு வுடுவோம். பிளாஸ்க்ல ஊத்தினா எப்டி வுடறது?"

என் கையாலேயே தொட்டியில் கொட்டினேன். வரிசையே வேடிக்கை பார்த்தது. அப்போது என் மனைவி கைப்பையிலிருந்து சீல் பிரிக்காத பாட்டில் ஒன்றை எடுத்து அவரிடம் காட்டினாள். "நீங்க போங்கம்மா" என்று மரியாதையாக வழிவிட்டார்.

பின்னாலேயே ஓடி, "எனக்கும் அதில் பங்கு உண்டா?" என்று கேட்டேன்.

"முதல்ல பெட்டியைத் தூக்குங்கோ."