கவர்மெண்டுக்குக் கடன் கொடுத்த வீடு

பத்து வயதில் எனக்கிருந்த திமிர் இப்போது இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன். எல்லாவற்றுக்கும் காரணம், எண்பதுகளில் அப்பா தபால் ஆபீசில் வாங்கி வைத்திருந்த ஒரு சேமிப்புப் பத்திரம். அது என்னவென்று கேட்டதற்கு, "கவர்மெண்டுக்கு நாம குடுத்த கடன் பாப்பா. ரோடு, டேம் எல்லாம் இதுலதான் கட்டுவாங்க. ஆறு வருசம் கழிச்சு வட்டியோட உன் படிப்புக்கு வரும்" என்றார். அவ்வளவுதான். ஓசூர் டவுன் பஸ்ஸே எங்கள் பணத்தில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு ஏறுவேன்.

அந்த வருடம் அப்பாவின் கம்பெனியில் ஆர்டர் இல்லையென்று லேஆஃப் விட்டார்கள். மத்திகிரியில் வாடகை வீடு. மளிகை முழுக்கப் பாய் கடையில் கடன். ஒருநாள் சர்க்கரைக்குப் போன என்னிடம் பாய் தணிந்த குரலில்தான் சொன்னார்.

"பாப்பா, பாக்கி ஏறிக்கிட்டே போவுது. அம்மாவ ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லு. அப்புறந்தான் சாமான்."

கடை நிறையக் கூட்டம். எனக்கு வந்ததே கோபம்!

"கவர்மெண்டே எங்கப்பாகிட்ட கடன் வாங்கியிருக்கு. நாங்க என்ன போய்க் கேட்டமா? உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?"

கடையே சிரித்தது. தளியிலிருந்து பீன்ஸ் மூட்டையோடு வந்திருந்த பெண்ணுக்கு ஒருவர் கன்னடத்தில் எடுத்துச் சொல்ல, அவரும் சிரித்தார். பாய் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுச் சர்க்கரையைப் பொட்டலம் கட்டினார். "எடுத்துட்டுப் போ தாயி."

வீட்டில் வெற்றியோடு ஒப்பித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பா தயங்கித் தயங்கி, "பத்திரத்த பேங்குல வச்சு ஏதாச்சும் வாங்கட்டுமா?" என்றார்.

"அது இவ படிப்பு. அதுல கை வச்சீங்க, நடக்கறதே வேற."

மறுநாள் மாலை அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப்போனாள். அதே கூட்டத்துக்கு நடுவே நோட்டுகளைப் பாய் முன்னால் வைத்தாள். பாய் பதறி எழுந்துவிட்டார்.

"என்னம்மா இது, பாப்பா வெளையாட்டாப் பேசினதுக்குப் போயி..."

"அவ பேசினது வெளையாட்டு. பாக்கி வெளையாட்டு இல்லையே? எண்ணிக்கங்க பாய்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் போட்ட சத்தம் எப்படியோ காதுக்கு எட்டி, கவர்மெண்டு பயந்துபோய்ப் பணத்தை அனுப்பிவிட்டது என்றே நம்பினேன். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியும் வைத்தேன். அன்று அம்மாவின் காதுகளில் தோடு இல்லை, ஈர்க்குச்சி செருகியிருந்தாள். ஏனம்மா என்று கேட்டதற்குப் "புண்ணுடீ" என்றாள்.

இரண்டு காதிலுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.