இடது கையால் எழுதிய நோட்டுகள்

எனக்கு வலது கைதான் பழக்கம். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டது என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. அம்மா எழுதிக்கொடுத்தது என்று டீச்சருக்குத் தெரியக் கூடாதல்லவா? இடது கையில் பேனாவைப் பிடித்தால் எழுத்து தானாகவே கோணிக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளையின் எழுத்தாகிவிடும். போதாதென்று பக்கத்துக்கு நாலு பிழையும் சேர்ப்பேன். என்ன சாமர்த்தியம் பாருங்கள். இந்தச் சாமர்த்தியத்தில் இடி விழ.

அவளுக்குக் காதால் கேட்டது எதுவும் மறக்காது. காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டே பாடத்தை ஒருமுறை வாசித்தால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லுவாள். மறுநாள் திரும்ப வாசிக்கையில் நான் தாண்டிப் போன வரியைக்கூட, "அங்கன ஒண்ணு விட்டுட்டியேம்மா" என்று பிடித்துவிடுவாள். அதையே எழுது என்றால் முடியாது. எழுத்துகள் அவள் கண்ணுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. போர்டைப் பார்த்து அவள் நாலு வார்த்தை எழுதுவதற்குள் மற்ற பிள்ளைகள் நோட்டை மூடி வைத்துவிடும். ஒருநாள் நோட்டு முடிக்கவில்லையென்று வெயிலில் முட்டி போட வைத்துவிட்டார்கள். முழங்கால் இரண்டிலும் மண் அப்பியபடி வந்து நின்றாள். எனக்குப் பெற்ற வயிறு எரிந்தது. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஊர் இலஞ்சி முழுக்க வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. நோட்டை வாங்கி நானே எழுதினேன். மறுநாள் அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு விட்டேனா? மூன்று வருடம் எழுதினேன்.

அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கியது அவள்தான். பரீட்சையில் வெற்றுத் தாளைக் கொடுத்தால், "நோட்டுல மட்டும் எழுதத் தெரியுதுல்லா? பரீட்சைன்னா திமிரு" என்று டீச்சர் திட்டுவார். அதை வீட்டில் வந்து எனக்கு ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் வகுப்பில், வாரம் ஒருமுறை பள்ளிக்கு வந்து போகும் சிறப்பாசிரியை ஒருவர் அவளோடு அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கு. ஆனா அறிவுல ஒரு குறையும் இல்லம்மா. அவளுக்குத் தக்கபடி சொல்லிக்குடுத்தா எங்கயோ போயிருவா" என்றார். தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே சில இடங்கள் வைத்திருக்கிறார்களாம். ஃபீஸ் முழுவதும் உதவித்தொகையாகக் கிடைத்துவிடும். பாடத்தைக் காதால் கேட்கலாம், பதிலை வாயால் சொல்லலாம். காதாலும் வாயாலும் படிக்க ஒரு பள்ளிக்கூடம்! என் மகளுக்காகவே கட்டியது போலிருந்தது. ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் சொல்ல வேண்டுமே. என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டு. அவர் அண்ணன் தம்பி, மச்சினன், மாமன் மகன் எல்லாம் போலீஸ், இல்லாவிட்டால் பட்டாளம். அந்த வீட்டில் போய் உங்கள் பிள்ளைக்குக் குறைபாடு என்று சொன்னால், "எங்க வம்சத்துல எவனுக்குட்டி குறை?" என்பார். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவன் காது வரைக்கும் அது போகும். அதனால் 'ஸ்காலர்ஷிப்' என்று மட்டும் சொன்னேன். எங்கள் பக்கம் ஸ்காலர்ஷிப் என்றால் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மகளிடமும் அதையேதான் சொன்னேன். "நல்லா படிக்கிற பிள்ளைகளுக்குள்ள ஸ்கூலுட்டி அது. நீ கெட்டிக்காரின்னு தெரிஞ்சா சேத்துக்கிடுவாவ." குறை என்கிற வார்த்தையை அவள் காதில் போட எனக்கு நா எழவில்லை. போட்டால் அது மறக்காத காது.

"அங்கன முட்டி போடச் சொல்ல மாட்டாவளாம்மா?" என்று கேட்டாள்.

"மாட்டாவ."

"நெசமாவா?"

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதையே கேட்டாள்.

அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சோதித்துப் பார்க்கிற அன்றைக்கு வகுப்பு நோட்டுகளையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் நான் ஒரு வழி வைத்திருந்தேன். நோட்டுகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளைச் சோதிக்கிற மேடத்தைத் தனியாகப் பார்த்து, நான்தான் எழுதினேன் என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிடுவது. வீட்டுக்காரர் கூட வர மாட்டார். சீசன் தொடங்கிவிட்டால் அவருக்குக் குற்றாலத்தில் பந்தோபஸ்து. விசில் ஊதி அருவிக் கூட்டத்தை ஒழுங்கு பண்ணவே நேரம் சரியாக இருக்கும். ஆனால் அந்த வருடம் சாரல் பிந்திவிட்டது. அருவியில் பாறைதான் தெரிந்தது. தண்ணீர் இல்லை, கூட்டம் இல்லை, அவருக்கு லீவு கிடைத்துவிட்டது.

நானும் மகளும் பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டோம். பின்னாலேயே வீட்டுக்காரர் ஓடி வந்து ஏறினார். தேய்த்த சட்டை, கையில் பெரிய பை. "நோட்ட மறந்துட்டு வந்துட்டியேட்டி, கூறுகெட்டவளே! அதைப் பாத்துத்தான இடமே குடுப்பான்?" என்று சிரித்தார். அத்தனை நோட்டுகளையும் எடுத்து வந்திருந்தார்.

மேடம் அவளை உள்ளே வைத்து ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். மேஜையில் ஒருபக்கம் அவள் அங்கே எழுதிய தாள். முழுதாக ஒரு வரிகூட இல்லை. இன்னொரு பக்கம் என் நோட்டுகள். மேடம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு எழுதினது கண்ணு?"

மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான்தான் டீச்சர்" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும், எழுதத் தெரியாத பிள்ளைகளுக்குத்தான் அந்த இடம் என்று? எழுதத் தெரியும் என்று காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள் என்றல்லவா நான் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறேன்.

மேடம் எங்களைப் பார்த்தார். "வீட்ல யாராவது எழுதிக் குடுத்தீங்களா? இருந்தா சொல்லுங்க, தப்பில்ல."

"என்ன மேடம் இப்படிக் கேக்கிய? நான் போலீஸ்காரன். எம் பிள்ளைக்கு ஏமாத்தத் தெரியாது" என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது.

மேடம் கண்ணை என்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேடத்துக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு பக்கம் வீட்டுக்காரர், ஒரு பக்கம் மகள். "அவதான் மேடம் எழுதினா" என்றேன். பாவி, என் வாயால் சொன்னேன்.

நாலாம் நாள் போன் வந்தது. பிள்ளைக்கு எழுத வருகிறது, சோதனையில் பயத்தால் எழுதவில்லை போலிருக்கிறது, இருக்கிற இடங்களை இதைவிடத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, மன்னிக்கணும் என்றார்கள். "சிபாரிசு இல்லாம இந்தக் காலத்துல எது நடக்குது?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் டூட்டிக்குப் போய்விட்டார். ஒரு வழியாகச் சாரல் விழத் தொடங்கியிருந்தது.

நான் மறுநாள் தனியாகத் தென்காசிக்கு ஓடினேன். மேடத்தின் முன்னால், அவருடைய தாளிலேயே இடது கையால் எழுதிக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். கடைசி இடத்துக்கு முந்தின நாள்தான் ஒரு பிள்ளை சேர்ந்திருந்தது. ஆறாம் வகுப்பில் மட்டும்தான் சேர்ப்பார்களாம். அடுத்த வருடம் என்பது கிடையாது.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் மகள் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இல்லன்னுட்டாவளாம்மா?"

"ஆமாட்டி."

கொஞ்ச தூரம் நடந்தோம். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீ அழாதம்மா. உம் மேல தப்பில்ல. நீ நல்லாத்தான் எழுதியிருந்தே. எனக்குத்தான் அந்த டீச்சர் முன்னாடி உன்ன மாதிரி எழுத வரல."

நடுரோட்டில் நின்றுவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். எழுத வராததால் கிடைக்காமல் போகவில்லை மகளே, எழுத வரும் என்று உன் அம்மா சொன்னதால் போயிற்று என்று சொல்லியிருக்க வேண்டும்.

"தூத்தல் விழுது, தலை நனையப் போவுது, வா" என்றேன்.

இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் நான் சொல்லவில்லை. தன்னால்தான் அந்த இடம் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.