விரிப்பின் மறுமுனை

வேலை செய்த இடத்தில் அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவள் 'குட்டை'. அவளோடு ஜோடி சேர்ந்து படுக்கை விரிப்பு மடித்தவள் 'நெட்டை'. இயந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து நடுவில் சேர வேண்டும். நெட்டை கொஞ்சம் குனிவாள். அம்மா குதிகாலை உயர்த்துவாள். ஒரு நாளைக்கு நானூறு தடவை முகத்துக்கு முகம் வந்து போனால், சொல்லாமல் மிச்சம் வைக்க என்ன இருக்கும்?

இருவருமே கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவர்கள். ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட அக்காவோ தங்கையோ பக்கத்தில் கிடையாது. நான் பிறந்த பத்தாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் நின்றுபோனது. நெட்டைக்கு அப்போது ஐந்து மாதக் கைக்குழந்தை. மூன்று வாரம், வேலைக்குப் போகும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் வீடு திரும்பும்போதும் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்குப் பால் கொடுத்தாள்.

"உன் புள்ளைக்கு மிச்சம் இருக்குமாடி?"

"ரெண்டு பேருக்கும் இருக்கு, நீ படு. இவ குடிக்கிற வேகத்தப் பாரு, நாளைக்கு என்னையே முழுங்கிடுவா போல."

அப்படி ஒரு மத்தியானம், என்னை மடியில் வைத்திருந்தவள் திடீரென்று அழுதாள். அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கணவனின் அடி தாங்காமல் ஓடி வந்தபோது, நாலு வயது மகனை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இப்போதைய கணவருக்கு அது தெரியும். அவரைத் தவிர அம்மாவுக்கு மட்டும்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

எனக்கு ஆறு வயதானபோது கூடத்துக்கு ஒருத்தி புதிதாக வந்தாள். 'புதுசு' என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. வேலை பழக்கிவிட அவளை நெட்டையோடு ஜோடி போட்டார்கள். பழகிய பிறகும் ஜோடி மாறவில்லை. அம்மா வேறொருத்தியோடு மடித்துக்கொண்டே, அந்தக் கோடியிலிருந்து வரும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது.

ஒரு நாள் சாப்பாட்டு அறையில் யாரோ ஒருத்தி வாயைக் கிளறினாள். "என்ன குட்டை, உன் நெட்டை கைமாறிப் போயிட்டாளா?"

டிபன் டப்பாவை மூடிக்கொண்டே அம்மா சொன்னாள்: "பெத்த புள்ளையவே விட்டுட்டு வந்தவளுக்கு, சிநேகிதிய விட எவ்வளவு நேரமாகும்?"

யாரும் சண்டை போடவில்லை. நெட்டையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவள் விரிப்பை எடுத்தால் மறுமுனையைப் பிடிக்க ஆள் வரவில்லை. ஒவ்வொருத்திக்கும் ஏதோ தலைபோகிற வேலை. புதுசு மட்டும் பிடித்தாள். அதனால் அவளிடமும் பேச்சு நின்றது. பதினோராம் நாள் நெட்டை வேலையை விட்டாள். அந்த மாதக் கடைசியில் புதுசும். போகும்போது நெட்டை அம்மாவைத் திட்டவில்லை. எதிரே வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. அம்மா யாரோடு மடித்தாலும், நடுவில் வந்து சேரும் முகம் ஒரு கணம் நெட்டையின் முகமாக இருக்கும். இமைத்தால் போய்விடும். சில வருடம் கழித்து மடிப்பதற்கும் இயந்திரம் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தாளாம். ஆனால் வீட்டில் தனியாக ஒரு போர்வையை உதறினால், தொங்கும் முனையை யாரோ இழுத்தார்கள். பலமாக இல்லை, 'பிடிச்சிட்டேன், வா' என்று சொல்வதுபோல. எங்கள் வீட்டுப் போர்வைகள் எப்போதும் சுருட்டியே கிடந்ததற்கு அம்மாவின் சோம்பல்தான் காரணம் என்று இருபது வயது வரை நான் நினைத்திருந்தேன்.

கல்லூரியில் எனக்கு, மனித மனம் ஆதியில் எப்படி உருவாகியிருக்கும் என்று ஆராயும் பாடம் இருந்தது. விடுமுறையில் வந்தபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் படித்ததை அளந்தேன்.

"அந்தக் காலத்துலேர்ந்தே பொண்ணுங்கதான் பொறந்த கூட்டத்த விட்டு வேற கூட்டத்துக்குப் போயிருக்கணும்னு சில பேர் சொல்றாங்கம்மா. அங்க சொந்தம்னு யாரு? புள்ளையக் கொஞ்ச நேரம் வச்சிக்க ஒருத்தி வேணும். அவதான் உசுரு. அவள இன்னொருத்தி தட்டிட்டுப் போனா வயித்தப் பிசையும். கைய ஓங்கினா இடுப்புல இருக்கற புள்ளைக்கு ஆபத்து. அதனால பேச்சாலயே அடிச்சு ஒதுக்கி வப்பாங்களாம்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அன்றுதான் மேலே சொன்னதையெல்லாம் சொன்னாள். கடைசியில், "அப்ப என் மேல தப்பு இல்லேங்கறியா?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்லல."

"வயிறு எல்லாருக்கும் பிசஞ்சிருக்கும். எல்லாருமா வாயத் தொறந்திருப்பாங்க?"

பாடத்தில் அதற்குப் பதில் இல்லை.

நெட்டையின் விலாசம் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது. மூன்று மணி நேரம் பேருந்தில் போனோம். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு நெட்டை அங்கே ஒரு காப்பகம் நடத்தினாள். கதவைத் திறந்தது புதுசு. அம்மாவை அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் வெளுத்தது.

"யாருடி அது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. புதுசு விலகி வழிவிட்டாள்.

நெட்டை தோளில் ஒரு குழந்தையோடு வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்தாள்.

"வாங்க," என்றாள்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நெட்டை கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"சரிங்க. கேட்டுட்டீங்க." குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பாப்பாவா இது?" என் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட விரல்களை உடனே எடுக்கவில்லை. குழந்தை சிணுங்கியது; அதையே சாக்காக வைத்து உள்ளே போய்விட்டாள். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும், அம்மா எழுதிக் கொடுத்த தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டதும் புதுசுதான்.

ஏழு மாதம் கழித்து அவள்தான் கூப்பிட்டாள். நெட்டைக்குக் காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சுக்கா. நான் எதுக்கு அழறேன்னு வேற யாருக்குப் புரியும்?"

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுசு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். சோபாவின் ஆளுக்கொரு கோடியில் உட்காருகிறார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருக்கும். பழைய மனத்தாங்கல் என்றுதான் முதலில் நினைத்தேன். நெட்டை எப்படித் தும்முவாள், எந்தப் பாட்டை எப்படித் தப்பாகப் பாடுவாள் என்று பேசிக்கொள்கிறார்கள். அவளை யாருக்கு அதிகம் தெரியும் என்பதில் போட்டி வேறு. சில சமயம் பேச்சின் நடுவே இருவரும் சேர்ந்தாற்போல் நிறுத்திவிட்டு, நடுவிலிருக்கும் அந்த இடத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் கூடத்துக்குள் போவதில்லை.