சித்தியின் காய்ந்த உள்ளங்கை

ஒன்று இரண்டாகத் தெரியத் தொடங்கியபோது சித்தி சந்தேகப்பட்டது தன் கண்ணாடியைத்தான். வருடக்கணக்காகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் வேறு எதைச் சந்தேகப்படுவாள்? லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்போதும் தெருவில் பஸ் இரண்டாகவே வந்தது.

"ஏதாவது ஒண்ணுல ஏறிக்க வேண்டியதுதானே," என்றார் சித்தப்பா.

சித்தி சிரிக்கவில்லை. இமைகள் பாதி இறங்கியிருந்தன. தண்ணீர் குடித்தால் புரையேறியது; குரல் மூக்கால் வந்தது. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் அவள் வீட்டில் வந்து இறங்கியிருந்த நான், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சித்தியின் கழுத்து தானாக இடப்பக்கம் திருகிக்கொள்ளும். அதற்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடும் நரம்பு டாக்டரிடம்தான் போனோம்.

"மருந்து உடம்புல பரவினா இப்படி ஆகலாம். ஆனா எப்பவும் போடுற அளவுதானே? வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்க."

தசைகள் சோர்ந்துபோகும் வேறொரு நோயாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். அதுவென்றால் காலத்துக்கும் மருந்துதான்.

"அப்ப கடை?" என்று மட்டும் கேட்டாள் சித்தி.

ரத்தம் கொடுக்கக் காத்திருந்தபோது கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தாள். லென்ஸ் பளிச்சென்று இருந்தது. எனக்கு அது உறுத்தியது. எப்போதும் வேர்க்கும் கை அவளுக்கு; சித்தி தொட்ட லென்ஸில் வேர்வைத் தடம் இல்லாமல் இருக்காது. கடையில் அவள் பெயரே 'கர்ச்சீப்'.

"உன் கர்ச்சீப் எங்க சித்தி?"

"அதுக்கு இப்ப வேலையில்லடி."

உள்ளங்கையைத் தொட்டேன். காகிதம் போலக் காய்ந்திருந்தது.

"தோல் டாக்டர்கிட்ட போன மாசம் ஊசி போட்டுக்கிட்டேன்."

"என்ன ஊசி?"

"வேர்வை ஊசி. கை வேர்க்காம இருக்க. இவர் போடுறது கழுத்து ஊசி. ரெண்டும் வேற வேற."

அவளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். நரம்பு டாக்டர் தோல் டாக்டருக்குப் போன் செய்தார். இரண்டும் ஒரே மருந்து. கழுத்து ஊசி போட்ட சில நாட்களிலேயே கைக்கும் போட்டிருக்கிறார்கள்.

"நான் மாத்திரையை மட்டும் கேட்டுட்டேன்," என்றார் டாக்டர், பேனாவை மூடியபடி.

ரத்தத்தில் அந்த வேறு நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. விழுங்குவதையும் மூச்சையும் கவனிக்கச் சித்தியைச் சில நாள் படுக்கவைத்தார்கள். மருந்தின் வேகம் தானாகக் குறையும்வரை பொறுக்கவேண்டும் என்றார்கள். இமை மெல்ல ஏறியது. பஸ் ஒன்றானது.

கடைக்குத் திரும்பிப் பல வாரம் கழித்து, நானும் கடையில் இருந்த ஒரு நாள், வாடிக்கையாளர் ஒருவருக்கு நீட்டிய லென்ஸில் மங்கலாக ஒரு விரல் தடம் விழுந்தது. சித்தி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கர்ச்சீப்பை எடுடி," என்றாள் என்னிடம்.